பால் குடிக்காத நர்ஸம்மா

மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனி மாசம். அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் சாலையில், மலை நம் வண்டியோடு கூடவே ஓடி வருவதுபோலத் தெரியும் ஓரிடத்தில் மண்ரோடு ஒன்று பிரியும். அதில் இரண்டு கிலோமீட்டர் போனால் மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் ஒரு பால்வாடி. அவ்வளவுதான் ஊர். அந்தப் பகுதிக்கு நான் கிராம செவிலியர். உட்கார்ந்த இடத்தில் கால் மணி நேரம் இருக்கத் தெரியாதவள் நான். அதனால் ஸ்கூட்டரும் வெயிலும் புழுதியும் கலந்த இந்த வேலை எனக்கு வேலையாகவே தெரிந்ததில்லை. ஒரு வீட்டு வாசலில் இறங்கும்போதே மனசு அடுத்த வீட்டு வாசலில் நிற்கும். அந்த அவசரம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய மகள் கோவைக்குப் படிக்கப் போய், முதல் தீபாவளி லீவில் வந்து நின்றவள், "அம்மா, நான் வீகன் ஆயிட்டேன்" என்றாள். ஏதோ படிப்பின் பெயர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கறி, மீன், முட்டை கிடையாது, பால், தயிர், நெய், தேனும் கிடையாது என்று அவள் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு மாசம் நானும் உன்கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷமே அவள் ஐஸ்கிரீமிடம் தோற்றுப் பழையபடி ஆகிவிட்டாள். நான் மட்டும் திரும்பவில்லை. என் கணவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த மனக்குறையும் இல்லாமல், தயிர்சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குள் இவ்வளவு எளிதாக முடிந்த விஷயம் வெளியே முடியவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் ஒரு வேடிக்கைப் பொருள் ஆனேன். என்ன வேண்டுதல் என்றார் ஒருவர். சர்க்கரை வந்துவிட்டதா என்று காதோடு காதாகக் கேட்டார் இன்னொருவர். மதம் மாறிவிட்டாள் என்று காரிமங்கலத்தில் என் பிறந்த வீட்டுப் பக்கம் ஒரு வாரம் பேச்சு ஓடியது. கையில் நாலு காசு சேர்ந்தால் வருகிற வியாதி இது என்று என் கொழுந்தனார் கண்டுபிடித்தார். பாதாமை அரைத்துப் பால் எடுத்துத்தான் நான் உயிர் வாழ்வதாக ஒரு நம்பிக்கை. வெண்பொங்கலை வேண்டாமென்றபோது, "நெய்தானேக்கா, கறியா போட்டோம்" என்று பரிமாறினவர் மனம் நொந்துபோனார். செடிக்கு மட்டும் உசுரு இல்லையா என்று கேட்காத ஆளே இல்லை. அதைக் கேட்கும்போது, உலகத்தில் தாங்கள்தான் முதன்முதலில் கேட்பதாக ஒரு பளபளப்பு எல்லோர் முகத்திலும் வரும். அந்தப் பளபளப்புக்காகவே சில பேரிடம் தோற்றுப்போனதுபோல நடித்திருக்கிறேன்.

வேலை செய்யும் இடத்தில்தான் உண்மையான சங்கடம். கர்ப்பிணிகளிடம் தினம் ஒரு டம்ளர் பால் குடி, ஒரு முட்டை சாப்பிடு என்று சொல்லும் வாய் இது. என் நாக்கு வேறு, என் வேலை வேறு என்று தெளிவாகத்தான் இருந்தேன். ஆனால் வெளியே சொல்லப் பயம். நர்ஸம்மாவே பால் குடிக்காம நல்லாத்தானே இருக்காங்க என்று எந்தப் பெண்ணாவது நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? அதனால் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கினேன். யார் டீ கொண்டுவந்தாலும், "வேண்டாங்க." அவ்வளவுதான். காரணம் கிடையாது, கதை கிடையாது. தாகம் எடுத்தால் பையில் இருக்கும் என் பாட்டிலைத் திறப்பேன். எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் பல்லில் கறை ஏற்றும். சின்ன வயசில் ஏறிய பழுப்பு என் முன்பற்களில் இன்னும் இருக்கிறது. அதனால் வடிகட்டிய தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போவது பழக்கம்.

கீழத்தெருவின் கடைசி வீட்டில் ஒரு மருமகள், பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண், ஏழு மாசம். ரத்தம் ஏழு பாயிண்டுக்குக் கொஞ்சம் மேலே. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் துணி காயப்போட்டது மாதிரி இருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் மாமியாரும் அவளும்தான். மாமியாருக்கு என் வயசு இருக்கும். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. ஒரு மாடு, இரண்டு ஆடு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, நடுவில் மேலத்தெருக்காரர்களின் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவள்.

இரும்புச் சத்து மருந்தை டிரிப்பில் ஏற்ற வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மாமியார் ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். வேண்டாங்க என்றேன். வெயிலுக்குத் தொண்டை வறண்டிருந்தது. பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தேன். இந்த ரத்தத்தோடு பிரசவ வலி வந்தால் தாய் பிழைப்பதே பெரும்பாடு என்று எச்சரித்தேன். அவள் டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்கவில் கதவு சாத்துகிற சத்தம் இருந்தது. எனக்குக் காது கேட்கவில்லை.

மூன்றாவது முறை போனபோது கதவே சாத்தித்தான் இருந்தது. "மருமவ அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டா" என்று உள்ளிருந்தபடியே குரல் மட்டும் வந்தது.

எனக்குக் கோபம். பால்வாடிக்குப் போய் அங்கே இருந்த டீச்சரிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் கீழத்தெருவிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். எனக்கு நல்ல சிநேகிதி. எத்தனை தடவை சொல்றது, உசுரு விஷயம்னு இவங்களுக்கு ஏன் புரியமாட்டேங்குது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அவள் கடலையை உடைத்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு நிதானமாக ஒரு கேள்வி போட்டாள்.

"ஏங்க, நீங்க அவ வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா?"

பால் டீதானே கொடுக்கிறாள், நான்தான் பால் குடிப்பதில்லையே என்றேன்.

"மேலத்தெருவுல குடிச்சீங்களே."

மேலத்தெருவில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டம்மா எனக்குப் பெரியம்மா வழியில் சொந்தம். என் பழக்கம் தெரிந்தவள். கேட்காமலேயே பால் போடாமல் வரக்காப்பி வைத்துக் கொடுப்பாள். அது பால் இல்லாத காப்பி என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும். மாட்டுக்குப் புல்லறுத்துக் கட்டிக்கிட்டு அந்த வூட்டு வாசல்ல நின்ன இவளுக்கு எப்படித் தெரியும்? அங்க டம்ளர வாயில வச்சுக் குடிக்குது, நம்ம வூட்டுக்கு வந்தா பாட்டிலத் தொறக்குதுன்னு சொல்லிச் சொல்லி அழுவுறா. மொதல்ல, பழைய டம்ளருன்னு நெனச்சுக்கிட்டீங்களோன்னு சந்தையில போயி புது டம்ளர் வாங்கியாந்து வச்சா. அதுலயும் நீங்க குடிக்கல."

அந்த ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் காரிமங்கலத்துப் பக்கம் நிலம் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவள், மேலத்தெருக்காரர்கள் என்னை முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என்பது அந்த ஊரில் ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷமாக, பால் வேண்டாம் என்பவளைப் பற்றி ஊர் என்னென்ன தப்பாக நினைக்கிறது என்று எண்ணியெண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையில் வராத ஒன்று இந்தத் தெருவில், ஒரு புது டம்ளரில், ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. அப்படி நினைக்க வைத்தவளும் நான்தான். வெட்கம் என்பது முகத்தில் வருவது என்பார்கள். எனக்கு உள்ளங்காலில் வந்தது. அங்கே நிற்கவே முடியவில்லை.

அன்று இரவு என்ன சொல்வதென்று யோசித்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று போய்ச் சொன்னால், அப்படிப்பட்டவர்கள் சொல்லும் முதல் வாக்கியமே அதுதான். மறுநாள் ஸ்கூட்டரில் போகும்போது புளியமரத்துக்கு ஒரு வசனமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். கதவு திறந்திருந்தது. மாமியார் அடுப்படியில் துடுப்பைப் போட்டுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். கேழ்வரகு வேகும் அந்த மண்வாசனை வாசல்வரை வந்து நின்றது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பசிக்குது."

அவள் திரும்பவில்லை. துடுப்பு மட்டும் நின்றது. "எங்க வூட்டுக் களி உங்களுக்கு எறங்குங்களா?"

"போட்டுப் பாருங்க."

"டீயே எறங்கல."

அப்போதுதான் சொன்னேன். பால் நான் எங்கேயும் குடிப்பதில்லை, என் வீட்டிலும் குடிப்பதில்லை, மேலத்தெருவில் குடித்தது வெறும் வரக்காப்பி, அதை உங்களிடம் சொல்லாமல் வேண்டாங்க வேண்டாங்க என்று போனது என் தப்பு என்று, நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? ஊருக்கெல்லாம் பால் குடி என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறவள் நான்.

"வேண்டுதலுங்களா?"

"இல்லக்கா."

"வியாதியா?"

"அதுவும் இல்ல."

"அப்போ கொழுப்பு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சொந்தக்காரர்கள் யாருக்கும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நிஜமாகவே கேட்டாள், என்னாத்துக்கு என்று.

மகளிடம்கூடச் சொல்லாததை அவளிடம்தான் முதலில் சொன்னேன். எங்கள் வீட்டில் மாடு கறக்கும்போது கன்றைப் பிடிக்கிற வேலை எனக்கு. மடியில் இரண்டு வாய் ஊட்ட விட்டு, பால் இறங்கியதும் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அது வராது. முன்னங்காலை ஊன்றிக்கொள்ளும். வாயோரம் நுரையோடு என்னைப் பார்க்கும். நான் இழுப்பேன். அது என் வேலை, அதில் அப்போது எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. மகளுக்குத் துணையாக ஒரு மாசம் பாலை நிறுத்தியபோதுதான், உள்ளங்கையில் இத்தனை வருஷமாக அந்தக் கயிறு இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கைகழுவி வந்த மாதிரி இருந்தது. அப்படியே இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மாடு வைத்துப் பிழைக்கிறவளிடம் இதைச் சொல்லிவிட்டோமே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். "எனக்கும் இருக்குது அந்தக் கவுறு. ஆனா எனக்கு அதுல சோறு இருக்குதுங்களே" என்றாள். இருக்குதுதான் என்றேன்.

தட்டில் களி, பக்கத்தில் கொள்ளுக் கடைசல், ஒரு பச்சை மிளகாய். "இதுல என்னாத்த ஒதுக்கணும், சொல்லுங்க" என்றாள். ஒன்றுமே ஒதுக்க வேண்டாம் என்றேன். நேற்று என்ன குழம்பு என்று கேட்டேன். கீரை. முந்தாநாள்? அவரைக்கொட்டை. அதற்கு முதல் நாள் ரசம். கறக்கிற பாலெல்லாம் சொசைட்டிக்குப் போய்விடுகிறது, டீக்கும் மருமகளுக்கும் மட்டும் கொஞ்சம் நிறுத்துவதாம். அவளே விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அட, டீயத் தள்ளிட்டா வாரத்துல ஆறு நாளு நாங்களும் உங்க ஆளுதான். ஞாயித்துக்கெழம மட்டும் கறி. இதுக்கா பட்டணத்துல ஒரு பேரு வச்சிருக்காங்க" என்றாள். பாதாம் பாலைப் பற்றி ஊர் பேசிய பேச்சுக்கெல்லாம் அந்த அடுப்படியிலேயே கணக்கு முடிந்தது.

களியை மென்றால் ருசி கெட்டுவிடும். கடைசலில் புரட்டி விழுங்க வேண்டும். இரண்டு உருண்டை விழுங்கினேன். அவள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள், அந்தப் புது டம்ளரில். உதட்டில் வைத்தே குடித்தேன். பல்லில் கறை ஏறினால் ஏறட்டும். அவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அறைக்கதவு மெதுவாகத் திறந்தது. அம்மா வீட்டுக்குப் போயிருந்த மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமியார் என் முகத்தைப் பார்க்காமல், "நேத்துதான் வந்தா" என்றாள். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்றேன் நான்.

"பாலே குடிக்காம உங்களுக்கு ரத்தம் எவ்ளோ இருக்குதுங்க?" என்றாள் மருமகள். கேள்வி நியாயமானது. பையிலிருந்து ரத்தம் பார்க்கும் சின்ன மெஷினை எடுத்து, என் விரலை நானே குத்தி, அவள் கையிலேயே கொடுத்தேன். படி என்றேன். பன்னிரண்டு பாயிண்ட் சொச்சம். பிறகு அவளுக்குப் பார்த்தேன். ஏழு பாயிண்ட் நாலு. போன தடவையைவிட ஏறவே இல்லை.

மாமியார் தளர்ந்துபோனாள். "ரெண்டு வேளையும் பால் குடுக்கிறேன். முட்டை அவிச்சுத் தர்றேன். உங்க மாத்திரைய ஒரு நாள் விட்டதில்ல. அப்பறம் ஏன் ஏறல? பால்தான் ஆகாதுங்களா, நிறுத்திரட்டுங்களா?"

நான் பயந்த கேள்வி அதுதான். நிறுத்தவே கூடாது என்றேன். எனக்கு நான் ஒருத்திதான், இவளுக்குள் இன்னொரு ஆள் இருக்கிறது, நானுமே சும்மா இல்லை, பாலில் கிடைக்கிற ஒரு சத்துக்காக வாரம் ஒரு மாத்திரை விழுங்குகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. மாத்திரையை எதோடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பால்லதாங்க. நீங்கதானே பாலும் குடி, மாத்திரையும் போடுன்னீங்க. ரெண்டும் சேந்தா தெம்புன்னு, சூடா ஒரு டம்ளர் பால்ல."

தினமும், நாலு மாசமாக. இரும்பு மாத்திரையைப் பாலோடு சேர்த்து விழுங்கினால் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. மாத்திரை கொடுத்த அன்றைக்கு, ஸ்கூட்டரில் ஒரு காலை வைத்துக்கொண்டே, பாலோடு போடாதீங்க என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படிப் போடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டதே இல்லை. ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் அந்த வீட்டில் நான் இருந்திருந்தால் இது எப்போதோ தெரிந்திருக்கும். மற்ற நர்ஸ்களுக்கு டீ குடிக்கும்போது இதெல்லாம் தானாகத் தெரியவருகிறது. எனக்கு டீ இல்லை. டீ இல்லாததால் உட்காரவும் இல்லை.

அந்த வீட்டில் அன்று ஒரு மணி நேரம் இருந்தேன். மாத்திரை எப்போது, பால் எப்போது, டீ எப்போது என்று அவர்களே ஒரு முறை போட்டார்கள். கிளம்பும்போது, வருகிற செவ்வாய்க்கிழமை என்று மட்டும் சொன்னேன். மாமியார் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஒன்பதரை பஸ் போனது, அவர்கள் இல்லை. பத்தேகால் பஸ்ஸிலும் இல்லை. ஒரே ஒரு வேளைக் களிக்கு எத்தனை நாள் கசப்பைக் கரைக்கிற சக்தி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு மருந்துப் பதிவேட்டில் தப்புத்தப்பாக எழுதினேன். பதினொன்றரை மணிக்கு ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. மருமகள் இறங்கினாள். பின்னாலேயே மாமியார், கையில் கட்டைப்பை. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர நேரமாயிருச்சுங்க" என்றாள், நான் கேட்காமலேயே. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாத நான் அன்று அந்த ஸ்டூலை விட்டு எழவே இல்லை.

இன்னும் சில முறை வந்தார்கள். ரத்தம் பத்தைத் தாண்டியது. வைகாசியில் பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குப் பக்கம். தாய்க்கு ஒரு குறையும் இல்லை. தடுப்பூசிக்குத் தூக்கி வரும்போது அந்தப் பிள்ளை அழுகிற அழுகையில் எங்கள் ஆஸ்பத்திரி ஓடு அதிரும்.

இப்போது அந்தத் தெருவில் என் சாப்பாட்டைப் பற்றி நான் யாருக்கும் விளக்குவதில்லை. மாமியாரே பார்த்துக்கொள்கிறாள். யாராவது எனக்குப் பால் டீ கொண்டுவந்தால் தூரத்திலிருந்தே சத்தம் போடுவாள்: "நர்ஸம்மாவுக்கு அது ஆவாதுடி. அவங்க கன்னுக்குட்டி பங்க எடுக்க மாட்டாங்க. வெல்லம் போட்டு வரக்காப்பி வையி." ஏழு வருஷமாக நான் தேடியும் கிடைக்காத விளக்கம் இது. மகளுக்குப் போனில் சொன்னேன். அம்மா, நான் திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் என்றாள். ஆரம்பித்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் எதை மறுக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும். எதிரில் நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் மறுத்தோம் என்பது மட்டும்தான். அதனால் இப்போதெல்லாம் எந்த வாசலில் போய் இறங்கினாலும், அவர்கள் அடுப்படிக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து, எனக்கு வேண்டியதை நானே வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.